வன்னிக் காட்டுக்கு எந்தக் கத்தி?

கத்தியைத் தெரிவதற்கு முன் காட்டைப் பார்க்க வேண்டும். காட்டுக் கத்தி பற்றி இணையத்தில் கிடைக்கிற அறிவுரைகளில் பெரும்பகுதி பைன், பேர்ச் வளர்கிற குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அந்த மரங்களில் நாரோட்டம் நேரானது. கத்தியை வைத்து மேலே தட்டினால் பிளந்து கொடுக்கும். இலங்கையின் வடக்கில் உள்ள வன்னியில் நிற்பவை பாலை, வீரை, முதிரை, கருங்காலி. பாலையின் வைரம், அதாவது இறுகிய நடுமரம், தண்ணீரில் போட்டால் தாழும் பாரம். இவற்றுக்குக் கீழே காரை, சூரை, விடத்தல், ஈச்சு என்று முள்ளுப் பற்றை. குளிர்நாட்டு மரத்துக்கென்று மெல்லிய வாய் வைத்த கத்தியால் காய்ந்த வீரைக் கொப்பைக் கொத்தினால் முதல் நாளே வாயில் பல்லு விழும்.

இங்கே காட்டுக்குள் கத்திக்கு இருக்கிற வேலை இரண்டு வகை. வழியை மறிக்கிற முள்ளுக்கொடியை வெட்டி இழுப்பது, மணிக்கட்டுத் தடிப்பில் பச்சைக் கொப்பைத் தறிப்பது, கொட்டிலுக்குக் கம்பு வெட்டிக் கூராக்குவது ஒரு வகை. மீன் வெட்டுவது, கயிறு அறுப்பது, நெருப்பு மூட்டச் சீவல் சீவுவது, காலில் ஏறிய முள்ளை எடுப்பது மற்ற வகை. முதலாவதுக்குப் பாரமும் நீளமும் வேண்டும். இரண்டாவதுக்கு மெல்லிய அலகு வேண்டும். இரண்டையும் ஒன்றிலே செய்யப் பார்க்கிற, 18 செ.மீ. நீள அலகுள்ள தடித்த கத்திகள் இரண்டையும் அரைகுறையாகத்தான் செய்கின்றன. ஆகவே வன்னிக்கு ஒரு காட்டுக்கத்தி, ஒரு கைக்கத்தி. காசு ஒன்றுக்குத்தான் காணும் என்றால் காட்டுக்கத்தியை வாங்குங்கள். மற்ற வேலைக்குக் குசினிக் கத்தி ஒன்றை மட்டையில் சுற்றி எடுத்துப் போனால் போதும்.

காட்டுக்கத்தி: அளவும் பாரமும்

சந்தையில் இரண்டு விதம் கிடைக்கும். தொழிற்சாலையில் தகட்டில் வெட்டி எடுத்த நீளக் கத்தியின் அலகு 35 முதல் 45 செ.மீ., தடிப்பு 2 முதல் 2.5 மி.மீ. கொல்லன் அடித்த கொடுவாக்கத்தியின் அலகு 25 முதல் 32 செ.மீ.; முதுகு பிடியருகில் 5 அல்லது 6 மி.மீ., நுனிக்குப் போகும்போது 3 மி.மீ. வரை மெலிந்து வரும்.

தகட்டுக் கத்தி புல்லுக்கும் நாணலுக்கும் இளங்கொடிக்கும் நல்லது. குளக்கட்டுத் துப்புரவாக்குகிற வேலையென்றால் அதுதான் வசதி, கை களைக்காது. ஆனால் வைர மரத்தில் அது துள்ளும். துள்ளுகிற கத்தி எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. பற்றைக்காட்டுக்குள் நடந்து போய்த் தங்கி வர விரும்புகிறவருக்குக் கொடுவாக்கத்திதான் சரி.

பாரம் 500 முதல் 700 கிராம். 800 கிராமுக்கு மேல் போனால் முதல் அரைமணித்தியாலம் சந்தோசமாக இருக்கும், பிறகு கை தளரும். முழங்காலுக்குக் கீழே படுகிற வெட்டுகளில் பல தளர்ந்த கையின் வேலை. பாரத்தைவிட முக்கியம் அது எங்கே நிற்கிறது என்பது. கத்தியை ஒரு விரலில் படுக்க வைத்துச் சமநிலைப் புள்ளியைப் பாருங்கள். பிடி முடிகிற இடத்திலிருந்து 5 முதல் 7 செ.மீ. முன்னால் இருந்தால் நல்லது. பிடியோடு ஒட்டி நின்றால் வெட்டில் இறக்கம் இராது, நீங்கள்தான் பலம் போட வேண்டும். 10 செ.மீ.க்கு மேல் முன்னால் போய்விட்டால் ஒவ்வொரு வீச்சுக்கும் மணிக்கட்டு பதில் சொல்ல வேண்டிவரும்.

மூக்கு வளைவு ஓரளவு வேண்டும். சூரைக்கொடியைக் கைபடாமல் கொளுவி இழுக்கலாம். வெட்டு தவறி நிலத்தில் விழுந்தால் மூக்குத்தான் முதலில் மண்ணில் படும், வாய் தப்பும். ஆனால் வாய்க்கோட்டிலிருந்து 2 செ.மீ.க்கு மேல் கீழே இறங்கி வளைந்த மூக்கைத் தட்டைக் கல்லில் தீட்ட முடியாது, வட்ட அரம் தேவைப்படும். அந்தக் கத்தியால் விறகு பிளப்பதும் கரைச்சல்.

இரும்பு

கத்தியின் வாய் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று மடியும், மற்றது உதிரும். மடிந்த வாயைக் கல்லில் நிமிர்த்தலாம். உதிர்ந்த வாய்க்கு அரம் போட்டு இரும்பைக் கரைத்துத்தான் ஆகவேண்டும். எனவே காட்டுக்கத்திக்கு உதிர்வதைவிட மடிகிற பக்கம் சற்றுச் சாய்ந்த பதமே நல்லது. இரும்பின் இறுக்கத்தைக் குறிக்கிற றொக்வெல் அளவில் சொன்னால் 52 முதல் 56. கைக்கத்திக்கு 56 முதல் 60 வரை போகலாம், ஏனென்றால் அது கொத்துவதில்லை, சீவுகிறது.

கொல்லன் பட்டறையில் நம்பிக் கேட்கக்கூடிய இரும்பு லொறி ஸ்பிரிங் தகடு. 5160 என்ற இலக்கத்தில் அறியப்படுகிற ஸ்பிரிங் உருக்கில் காபன் 0.56 முதல் 0.64 வீதம், குரோமியம் 0.7 முதல் 0.9 வீதம். இந்தக் காபன்தான் தோய்ச்சலில், அதாவது காய்ச்சிச் சட்டென்று குளிர வைப்பதில், இறுக்கத்தைத் தருகிறது. கட்டடக் கம்பியில் காபன் குறைவு. எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் இறுகாது. பார்க்க அதே கத்திதான், பத்து வெட்டில் வாய் மடிந்துவிடும். சந்தேகமென்றால் முதுகை ஒரு விநாடி சாணைச் சில்லில் பிடித்துப் பொறியைப் பார்க்கச் சொல்லுங்கள். காபன் கூடிய உருக்கில் பொறி சின்னச் சின்னக் கிளையாக வெடித்துப் பூக்கும். மெல்லிரும்பில் நீளக் கோடுகளாகப் போய் அணையும், கிளை அரிது. ஸ்ரெயின்லெஸ்ஸில் பொறி கட்டை, நிறம் சிவப்பாக இருக்கும்.

பாவித்த ஸ்பிரிங்கில் ஒரு வில்லங்கம் உண்டு. வருடக்கணக்காக வளைந்து நிமிர்ந்ததில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். நடு ஆணித் துளைக்குப் பக்கத்தில் இருக்கிற துண்டும், முறிந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற துண்டும் வேண்டாம். கரைப் பகுதியில் வெட்டி எடுக்கச் சொல்லுங்கள்.

வன்னியில் இரும்பு தேடுகிறவருக்கு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பற்றைக்குள்ளோ தோட்டத்திலோ கிடந்த குழாய், உருளை, தடித்த தகடு எதையும் “நல்ல உருக்கு” என்று பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வெடிக்காத பொருளை உலையில் வைத்தால் பட்டறையோடு போகும். வாகனத்தில் இருந்து கழற்றியதென்று தெரிந்த இரும்பு மட்டும்தான் உலைக்குப் போகலாம்.

கொல்லனிடம் சொல்ல வேண்டியவை

அளவை வாயால் சொல்லாமல் மட்டையில் முழு அளவுக்கு வெட்டிக் கொடுங்கள். பிடி, அலகு, மூக்கு எல்லாம் அதில் இருக்கட்டும். முதுகுத் தடிப்பை இரண்டு இடத்தில் எழுதிவிடுங்கள். பிறகு தோய்ச்சல். அவசரத்தில் பல இடங்களில் தண்ணீரில்தான் தோய்ப்பார்கள். ஸ்பிரிங் உருக்குக்குத் தண்ணீர் மிகக் கடுமையான குளிர்ச்சி, மெல்லிய வாயில் மயிரிழை போல வெடிப்பு விழும். “அண்ணை, எண்ணெயில தோய்ச்சுத் தாங்கோ, பிறகு ஒருக்காச் சூடு காட்டிப் பதமும் இறக்கி விடுங்கோ” என்று கேட்டால் தொழில் தெரிந்தவர் முகம் சுளிக்க மாட்டார், கேட்கத் தெரிந்த ஆள் வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்.

நடக்க வேண்டியது இதுதான். காந்தம் ஒட்டாத சூட்டுக்கு, அதாவது 770 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே, நன்றாகச் சிவக்கும் வரை அலகைக் காய்ச்சி, இளஞ்சூடான எண்ணெயில் நுனி முதலாக நேராக இறக்க வேண்டும். சரித்து இறக்கினால் அலகு கோணும். இப்போது வாயில் அரம் வழுக்கும். இந்த நிலையில் கத்தி கீழே விழுந்தால்கூட முறியலாம். அதனால் ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து மினுக்கி, முதுகுப் பக்கத்தில் இருந்து மெல்லச் சூடு கொடுப்பார்கள். மினுக்கிய இடத்தில் நிறம் ஓடும்: முதலில் வைக்கோல் நிறம், ஏறக்குறைய 220 பாகை, பிறகு மண்ணிறம், 255, ஊதா, 280, நீலம், 300. முதுகு நீலமாகி வாயை மண்ணிறம் எட்டுகிற கணத்தில் சூட்டை நிறுத்தினால் முதுகு வளைந்து கொடுக்கும், வாய் கூரைத் தாங்கும். இந்த இரண்டாவது சூட்டைத் தவறவிட்ட கத்திகள்தான் முதல் மாதத்திலேயே முறிந்து திரும்பி வருகின்றன.

கடைசியில் சாணைச் சில்லில் வாய் வைக்கும்போது இன்னொரு கெடுதி வரும். நுனியருகில் இரும்பு மெல்லியது, சில்லில் ஒரு நொடி கூடப் பிடித்தால் சூடேறிவிடும். புதுக் கத்தியை வெயிலில் பிடித்து, தீட்டி மினுங்குகிற அந்தக் குறுகிய கரையை மட்டும் பாருங்கள். கண்ணாடியில் பட்ட எண்ணெய்க் கறை போல ஒரு நீலத் தீற்றல், பெரும்பாலும் நுனியிலிருந்து 3, 4 செ.மீ. தூரத்தில், நகத்தளவுக்குத் தெரிந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. அந்தத் துண்டு மட்டும் திரும்பத் திரும்ப மடியும். சில்லில் பிடிக்கும்போது இரண்டு விநாடிக்கு ஒருமுறை தண்ணீரில் நனைத்திருந்தால் இது வந்திராது.

கையில் எடுத்துச் சோதித்தல்

கடையில் வாங்கினாலும் கொல்லனிடம் எடுத்தாலும் இந்த ஒழுங்கில் பாருங்கள்.

1. பிடியைக் கண்ணருகில் வைத்து முதுகு வழியே நுனியைப் பாருங்கள். கோணல் தெரிந்தால் அந்த நிமிடமே திருப்பிக் கொடுங்கள். “பாவிக்கப் பாவிக்க நேராகும்” என்பது பொய்.

2. அலகைத் தொங்க விட்டு முதுகில் ஒரு சாவியால் தட்டுங்கள். மணிச்சத்தம் கேட்க வேண்டும். கரகரத்தால் பிடி ஆடுகிறது அல்லது எங்கோ வெடிப்பு இருக்கிறது.

3. சின்ன அரம் ஒன்றைக் கொண்டு போங்கள். வாயில் மூன்று இடத்தில், பிடியருகில், நடுவில், நுனியில், ஒரு தரம் மட்டும் இழுங்கள். அரம் கண்ணாடியில் போல வழுக்கினால் இறுக்கம் கூட, உதிரும். வெண்ணெய் போல இறங்கினால் பதம் இல்லை. மனமில்லாமல் கடித்துக் கடித்து இறங்கினால் சரி. மூன்று இடமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நடு இறுகி நுனி இளகியிருப்பது அடிக்கடி காணும் குறை.

4. நுனியைப் பலகையில் ஊன்றி, கண்ணில் தெரிகிற அளவுக்கு மட்டும் வளையும்படி பக்கவாட்டில் அழுத்தி விடுங்கள். திரும்ப நேராக நிற்க வேண்டும். தடித்த கொடுவாக்கத்தி இதற்கு அவ்வளவாக அசையாது, அதில் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை.

5. முடிந்தால் காய்ந்த மரக்கம்பு ஒன்றைச் சரிவாகப் பத்துத் தரம் கொத்துங்கள். பிறகு வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நல்ல வாய் வெளிச்சத்தைத் திருப்பாது. எங்காவது வெள்ளிப்புள்ளி மினுங்கினால் அந்த இடம் மடிந்திருக்கிறது அல்லது உதிர்ந்திருக்கிறது; நகத்தை மெல்ல ஓட்டினால் எது என்று தெரிந்துவிடும்.

விற்கிறவர் ஐந்தாவதைச் செய்ய விடமாட்டேன் என்றால் அதிலும் ஒரு தகவல் இருக்கிறது.

பிடி

அலகு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிடி ஆடினால் அது கத்தியல்ல. அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை, பிடியின் முழு அகலத்துக்கும் போய், இரண்டு பக்கமும் மரம் வைத்து மூன்று ஆணியால் அறைந்திருப்பதே உறுதி. மெல்லிய வாலைக் காய்ச்சி மரத்துக்குள் இறக்கிய பிடியும் கூடாதென்றில்லை. ஆனால் அந்த வால் குறைந்தது 8 செ.மீ. உள்ளே போயிருக்க வேண்டும், பிடியின் முன்வாயில் இரும்புப் பூண் இறுக்கமாக இருக்க வேண்டும். வெளியே தெரியாததால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கோடையில் மரம் காய்ந்து சுருங்கும்போது இந்த வகைப் பிடி தளரும். இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவிட்டு இறுக்குகிற பழக்கம் வேண்டாம். காலையில் இறுகும், உள்ளே வால் துருப்பிடிக்கத் தொடங்கும்.

தடிப்பைப் பார்க்க: கையால் முழுதாகப் பற்றும்போது நடுவிரல் நுனி கட்டைவிரலின் அடிச்சதையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். விரல் சதைக்குள் குத்தினால் பிடி மெல்லிது, கை விறைக்கும். குறுக்கு வெட்டு முட்டை வடிவாக இருக்கட்டும். உருண்டைப் பிடி வியர்த்த கையில் சுழலும், வாய் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியாது. கடைசி முனை கீழ்நோக்கி வளைந்து தடித்திருந்தால் வீசும்போது கழன்று போகாது.

மரத்துக்குப் புளி நல்லது, எளிதில் பிளக்காது. மினுமினுக்கிற வார்ணிஸ் பூசியிருந்தால் அரத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். வார்ணிஸ்தான் உள்ளங்கையில் கொப்புளம் போடுகிறது. சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றுவது அவசரத்துக்குச் சரி. நிரந்தரமாக விட்டால் வியர்வை உள்ளே தங்கி ஆணியைத் தின்னும். பிடியில் கயிறு போட்டு மணிக்கட்டில் மாட்டி வீசுவது பார்க்கப் பாதுகாப்பு மாதிரித்தான். ஆனால் கை வழுக்கினால் கத்தி தூரப் போகாமல் உங்களைச் சுற்றியே திரும்பும்.

கைக்கத்தி

அலகு 9 முதல் 11 செ.மீ., தடிப்பு 2.5 முதல் 3 மி.மீ., மடங்காதது. இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. முதுகு 90 பாகையில் கூர்விளிம்பாக இருந்தால் பெரோ றொட் என்கிற நெருப்பு மூட்டும் உலோகக் குச்சியை உரசித் தீப்பொறி எடுக்கவும், மரப்பட்டையைச் சுரண்டித் தும்பு எடுக்கவும் உதவும், வாய் மிஞ்சும். உருட்டிய முதுகென்றால் தட்டையான அரத்தால் நீங்களே விளிம்பு வைத்துக்கொள்ளலாம்.

சுவீடனில் செய்யப்படும் மோரா கத்திகள் இந்த அளவுக்கு நல்ல உதாரணம். கம்பானியன் என்ற வகையின் அலகு ஏறக்குறைய 10 செ.மீ., தடிப்பு 2.5 மி.மீ. அதன் வாய்ச்சரிவு அகலமான ஒரே சரிவு, கல்லில் அப்படியே படுக்கவைத்துத் தீட்டலாம். புதிதாகப் பழகுகிறவருக்கு அது பெரிய வசதி. ஆனால் அந்தச் சரிவு மெல்லியது. காய்ந்த பாலையிலோ எலும்பிலோ நெம்பினால் உதிரும். இங்கே பாவிக்க, வாயின் கடைசி அரை மில்லிமீற்றருக்கு மட்டும் இன்னும் சற்று நிமிர்ந்த சரிவொன்று வைத்துவிட்டால் போதும்.

துருப்பிடிக்காததா, பிடிப்பதா? நாயாறு, நந்திக்கடல், கொக்கிளாய் பக்கம் உப்புக்காற்றோடு மீன் வெட்டுகிறவர் ஸ்ரெயின்லெஸ் வாங்கட்டும். உள்நாட்டில் காபன் உருக்குப் போதும், கல்லில் விரைவில் கூர் ஏறும். புதுக் காபன் அலகைத் தேசிக்காயாலோ புளியாலோ தேய்த்து அரைமணித்தியாலம் விட்டுக் கழுவினால் சாம்பல் நிறம் பிடிக்கும். அந்தக் கருமை நல்லது, செந்துருவை ஓரளவு தடுக்கும்.

மடக்குக் கத்தி வேண்டுமென்றால் இரண்டாவதாக வைத்திருங்கள். ஒப்பினெல் 8ஆம் இலக்கத்தில் அலகு 8.5 செ.மீ., கழுத்தில் சுழற்றிப் பூட்டுகிற வளையம் உண்டு. மாரியில் அதன் மரப்பிடி நனைந்து பருத்தால் அலகு திறக்க மறுக்கும். பூட்டு இல்லாத வில்லுக்கத்தியால் எதையும் குத்தாதீர்கள். அலகு மடங்குகிற வழியில் இருப்பது உங்கள் விரல்.

காய்ந்த வைர விறகு அடிக்கடி வெட்ட வேண்டியிருந்தால் கத்தியில் காசைக் கொட்டாமல் 18 முதல் 24 செ.மீ. மடக்கு வாள் ஒன்று வாங்குங்கள். கையளவு காய்ந்த வீரைக்குக் கொடுவாக்கத்தியை விட வாள் பாதிப் பலத்தில் வேலை முடிக்கும்.

வேண்டாதவை

முதுகில் வாள்பல்லு வைத்த கத்தி: பல்லுக்கிடையில் மரத்தூள் அடைத்து இரண்டாவது இழுவையிலேயே சிக்கும், முதுகில் தட்டவும் விடாது. பிடிக்குள் தூண்டிலும் தீக்குச்சியும் வைக்கும் குழாய்ப் பிடி: அலகும் குழாயும் சேருகிற இடத்தில் முறியும். இரண்டு பக்கமும் வாய் உள்ள கூர்முனைக் கத்தி: காட்டில் ஒரு வேலைக்கும் உதவாது, வீதியில் பொலிசார் கண்டால் விளக்கம் சொல்லவும் முடியாது. கறுப்புப் பூச்சுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரியாது. அலகில் ஸ்ரெயின்லெஸ் உருக்கின் இலக்கமான 440 என்று மட்டும் அடித்து ஏ, பி, சி எழுத்து எதுவும் இல்லையென்றால் நல்லதை எதிர்பார்க்க வேண்டாம். நல்ல இறுக்கம் தருவது சி. அலை அலையாகக் கோடு ஓடுகிற மலிவு “டமஸ்கஸ்” பலவற்றில் கோடு அமிலத்தால் வரைந்தது, அரத்தாளில் தேய்த்தால் போகும்.

கத்தி செய்யக்கூடாத வேலைகள்

தெரியாத காட்டுக்குள் கத்தியால் நிலத்தைக் கிண்டாதீர்கள். 2009க்குப் பிறகு பெரும் நிலப்பரப்பு துப்புரவாக்கப்பட்டாலும் வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை முற்றாக முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்பு முனைக் கட்டை கண்டால் வந்த அடியிலேயே திரும்புங்கள். கிழங்கு அகழ்வது, கூடாரத்துக்குக் குழி தோண்டுவது எல்லாம் ஆட்கள் பாவிக்கிற நிலத்தில் மட்டும். சந்தேகமான பொருள் கண்டால் தொடாமல் கிராம சேவையாளருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள்.

பாம்பு கடித்த இடத்தைக் கீறாதீர்கள். கண்ணாடி விரியனின் விஷம் இரத்தம் உறைவதைக் கெடுக்கும். நீங்கள் போட்ட கீறலில் ஓடத் தொடங்கிய இரத்தம் நிற்காது. இறுக்கிக் கட்டவும் வேண்டாம், உறிஞ்சவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழைத்து ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கள். யானைக்கும் கரடிக்கும் கத்தி பதிலல்ல. சத்தம் போட்டுக்கொண்டு நடப்பதும், மாலையில் குளக்கரைப் பாதையைத் தவிர்ப்பதும் அதைவிடப் பயன்.

வனவளத் திணைக்களத்தின் ஒதுக்குக் காடுகளில் மரம் தறிப்பது குற்றம். 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளம், மடு வீதிப் பகுதிகளுக்குள் அனுமதியில்லாமல் போவதே குற்றம். விழுந்து கிடக்கிற சுள்ளியும் சொந்தக் காணியில் நிற்கிற பற்றையும் கத்தி பழகப் போதும். பஸ்ஸில் கொண்டு போகும்போது உறையில் போட்டு, சாக்கில் சுற்றி, பைக்குள் வையுங்கள். வேலைக்குப் போகிறவரின் கத்தியும் கடைத்தெருவில் இடுப்பில் செருகிய கத்தியும் யாருடைய கண்ணுக்கும் ஒன்றல்ல.

வாய் வைத்தல்

புதுக் கொடுவாக்கத்தி முழு நீளத்துக்கும் ஒரே வாயோடு வரும். அதை மூன்றாகப் பிரித்துத் தீட்டினால் வேலை சுலபம். பிடியருகில் 6 செ.மீ. நீளத்துக்குப் பக்கத்துக்கு 15 பாகை: கம்பு சீவ, கூராக்க. நடுப்பகுதி 20 பாகை: கொத்த. நுனிப்பகுதி 25 பாகை: அது மண்ணையும் கல்லையும் சந்திக்கிற இடம். பாகையை அளக்கக் கருவி தேவையில்லை. அலகின் அகலம் 5 செ.மீ. என்றால், கல்லிலிருந்து முதுகை 1.3 செ.மீ. உயர்த்தினால் 15, 1.7 செ.மீ. உயர்த்தினால் 20, 2.1 செ.மீ. உயர்த்தினால் 25. அந்த உயரத்துக்கு ஒரு மரத்துண்டைச் சீவி வைத்துப் பழகினால் ஒரு வாரத்தில் கை தானாகப் பிடிக்கும்.

முதலில் 8 அங்குலத் தட்டை அரத்தால் வாய்க்கு எதிராகத் தள்ளி இழுங்கள். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அரத்தின் பல்லுப் போகும். மறுபக்கத்தில் விரலுக்குப் பிசிர் தட்டுப்படும் வரை ஒரு பக்கம், பிறகு மற்றப் பக்கம். அதன்பின் இருபக்கச் சாணைக்கல்லில் கரடுப் பக்கம், பிறகு மெல்லிய பக்கம், ஒவ்வொன்றிலும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். கடைசியில் பிசிரைப் பழைய தோல் வாரில், முதுகு முன்னே போக வாய் பின்னால் வரும்படி இழுத்து எடுங்கள். பிசிரோடு விட்ட கத்தி முதல் வெட்டுக்குப் பயங்கரக் கூர், பத்தாவது வெட்டுக்கு மொட்டை. காட்டில் கல் இல்லையென்றால் பீங்கான் கோப்பையின் அடிவளையம், மினுக்கம் இல்லாத அந்தக் கரடு வளையம், கைக்கத்திக்கு நல்ல கல்.

மாரியில் நெருப்பு மூட்டத்தான் இந்தக் கூரின் உண்மையான சோதனை. நிலத்தில் கிடக்கிற விறகு ஐப்பசி தொடக்கம் தை வரை நனைந்திருக்கும். நின்றபடி பட்ட மரத்தில் பெருவிரல் தடிப்புக் கொப்பை எடுத்து, பட்டையையும் வெளிச்சுற்றையும் கொடுவாக்கத்தியின் பிடியருகு வாயால் சீவி எறிந்துவிட்டு, உள்ளே இருக்கிற காய்ந்த நடுவை மெல்லிய சுருளாகக் கைக்கத்தியால் சீவுங்கள். பனை நிற்கிற இடமென்றால் பன்னாடையும் ஊமலும் தேடுங்கள். மழை படாமல் ஒதுங்கியிருந்த பன்னாடை ஒரு தீக்குச்சியில் பிடிக்கும். கொப்பைப் பிளக்கக் கத்தியின் முதுகில் மரத்தடியால் மட்டும் தட்டுங்கள். கல்லாலோ சுத்தியலாலோ தட்டினால் முதுகு நசுங்கிப் பிசிர் கிளம்பி, பிறகு உறையையும் கையையும் கிழிக்கும்.

உறை

தோலுறை அழகு, ஆனால் வியர்வையையும் மழையையும் பிடித்து வைத்துக் கத்தியைத் துருவேற்றும். கொடுவாக்கத்திக்கு மலிவும் நல்லதும் பிவிசி குழாய். அலகு 5 செ.மீ. அகலமென்றால் 50 மி.மீ. குழாய் எடுங்கள், 40 மி.மீ. குழாயைத் தட்டையாக்கினால் உள்ளகலம் ஏறக்குறைய 5.5 செ.மீ.தான் வரும், தடித்த முதுகு இறுகிச் சிக்கும். அலகைவிட 2 செ.மீ. நீளமாக வெட்டி, கொதிநீரில் மூன்று நான்கு நிமிடம் அமிழ்த்தி எடுத்து, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து மேலே ஏறி நில்லுங்கள். உள்ளே அலகைவிடச் சற்றுத் தடித்த மரச்சட்டம் ஒன்றை வைத்தால் அளவு பிசகாது. நெருப்பில் நேரே வாட்டாதீர்கள். கருகினால் வரும் புகை நுரையீரலுக்குக் கெடுதி. அடியை முழுதாக மூடாமல் ஒரு விரல் அகலம் திறந்துவிட்டால் தண்ணீரும் மண்ணும் வெளியேறும். வாய்ப்பக்கக் கரையில் இரண்டு ஆணி அறைந்தால் கத்தி உள்ளே ஆடாது. இடுப்பு வார் போகிற துளையை மேலிருந்து 4 செ.மீ. கீழே போடுங்கள்; விளிம்பில் போட்டால் கிழியும்.

வேலை முடிந்ததும் மரப்பாலைத் துடைத்துவிட வேண்டும். எருக்கலைப் பாலும் பாலைப் பாலும் காய்ந்தால் ஒட்டிக்கொண்டு அடியில் துரு தொடங்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் வரும். கைக்கத்திக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாம், சாப்பாட்டில் பட்டாலும் பரவாயில்லை. மாதக்கணக்கில் வைக்கப் போகும் கொடுவாக்கத்திக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது பிசின் கட்டும். தையல் மெசின் எண்ணெய் பூசுங்கள். மாரி முழுக்கக் கத்தியை உறைக்குள் விடாமல் வெளியே எடுத்து, வாய் சுவர்ப் பக்கம் இருக்கும்படி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டி வையுங்கள்.